வெர்லின் ஓல்ட்மனின் ஞாயிற்றுக்கிழமைகள்

செவ்வாய்க்கிழமை செத்து வெள்ளிக்கிழமை புதைக்கப்பட்ட வெர்லின் ஓல்ட்மன், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், புதைக்கும்போது போட்டுவிட்ட அதே சாம்பல் நிறக் கோட்டோடும் நீல டையோடும் தொப்பியோடும் மெர்டன் ஊர்ச் சமூகக் கூடத்துக்குள் வந்து, மேடையேறி, சுவரில் சாத்தியிருந்த தன் பாஸ் கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டிச் சுருதி சேர்க்க ஆரம்பித்தபோது, மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த அறுபது எழுபது பேரில் ஒரே ஒருவர்தான் வாயைத் திறந்தார். "இன்னிக்கு நேரத்துக்கு வந்துட்டாரே" என்றார் அவர். உயிரோடு இருந்தவரை வெர்லின் எந்த ஞாயிறும் இரண்டேகாலுக்கு முன்னால் வந்தவரில்லை. சர்ச் பெண்கள் சங்கத்து அம்மாள் ஒருத்தி மட்டும் எழுந்து போய், அவர் ஷூவிலிருந்து உதிர்ந்த ஈரமண் இன்னும் உள்ளே பரவாமலிருக்க வாசலில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். டுவேன் ஹாக்பார்த் மைக்கைத் தட்டிப் பார்த்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ண, கச்சேரி ஆரம்பமானது.

இதை நான் என் கண்ணால் பார்த்தேன். என் பெயர் செண்பகவல்லி, ஊர் கோவில்பட்டி. டாக்டருக்கு வாக்கப்பட்டு, அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஆயிரத்துச் சொச்சம் மனிதர்களும் அவர்களைப் போல முப்பது மடங்கு பன்றிகளும் சோளக்காட்டு நடுவில் சமாதானமாக வாழ்கிற மெர்டனுக்கு வந்து அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது என்று எழுதியிருந்தது. வேடிக்கை பார்க்கக் கூடாது என்று எழுதவில்லை. அதனால் நான் வேடிக்கையை முழுநேர உத்தியோகமாகவே பார்த்து வந்தேன். அந்த மக்கள் பேசிய இங்கிலீஷை என் வாய்ப்பேச்சில்தான் சொல்லப் போகிறேன். சோள விவசாயி வாயில் கோவில்பட்டி வாடை அடித்தால் குற்றம் என்னுடையது.

அந்தக் குழுவின் பெயரைத் தமிழில் சொன்னால் சரளைச் சாலைப் பையன்கள். பையன்களில் கடைக்குட்டிக்கு வயது அறுபத்தொன்று. டுவேன் பாடுவார், கிட்டார் வாசிப்பார். மற்ற நாட்களில் பயிர்க் காப்பீடு விற்பார். அவருடைய மாட்டுக்காரத் தொப்பியும் பூட்ஸும் மாட்டைப் படத்தில் பார்த்ததோடு சரி. மடியில் பலகை மாதிரி வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாருக்கு ஆர்டெல் ஸ்டும். இவர் நிஜமாகவே நாற்பது வருஷம் மாடு வைத்திருந்தவர், அதனால் மாட்டைப் பற்றியோ வேறு எதைப் பற்றியோ பேசவே மாட்டார். பாஸ் வெர்லின், வீடு வீடாகப் போய் சமையல் வாயு நிரப்பும் லாரிக்காரர். டிரம் அடிப்பவருக்குக் காது மந்தம். பாட்டெல்லாம் கன்ட்ரி, அதாவது அமெரிக்க நாட்டுப்புற மெட்டு; அவற்றில் மூன்றே மூன்று சுரக்கூட்டு, இரண்டே இரண்டு கதை. ஒன்று, பெண்டாட்டி என்னை விட்டுப் போய்விட்டாள். இரண்டு, அவள் போனதால் நான் குடிக்கிறேன். இதைக் கண்ணீர் மல்கப் பாடுகிறவர்களும் கண்ணீர் மல்கக் கேட்கிறவர்களும், பள்ளியில் கூடப் படித்த பெண்ணையே கட்டி, நாற்பது வருஷமாக அவள் கையால் சாப்பிட்டு, அந்தக் கூடத்தில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். மெர்டனில் எந்தப் பெண்டாட்டியும் யாரையும் விட்டுப் போனதாக வரலாறு இல்லை. போக நேரமிருந்ததில்லை; பை சுட வேண்டியிருந்தது.

பை என்றால் நம் ஊர்ப் பை இல்லை. ஆப்பிளையோ செர்ரியையோ சர்க்கரையில் வதக்கி, மாவுத் தட்டுக்குள் போட்டு மூடிச் சுடுவது. அந்தக் கூடத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பைகள் எல்லாம் வெர்லினின் மனைவி லவோன் சுட்டவை. முப்பத்தோரு வருஷமாக அவர் மேடையில், இவள் சமையலறையில். நடுவே ஒரு பரிமாறும் ஜன்னல். செத்தவர் வந்த அந்த ஞாயிறும் அவள் சமையலறையில்தான் இருந்தாள். புருஷனைப் புதைத்து இரண்டு நாள்கூட முழுசாக ஆகவில்லையே, வீட்டில் இரு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லலாம் என்று நினைத்தவர்களுக்கும் ஆப்பிள் பை பிடிக்கும்.

பாஸின் முதல் ஒலி எழும்பியதும் அவள் கத்தியும் கையுமாக வெளியே வந்தாள். மேடைக்கு முன்னால் போய் நின்றாள். வெர்லின் அவளைப் பார்க்காமல் டுவேனின் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் கால்தான் தாளம் போடும் என்பதால். உயிரோடிருந்தபோது வாசித்ததைவிடச் செத்தபின் நன்றாக வாசித்தார். நடை பிசகவில்லை, நடுவில் மூக்கு உறிஞ்சவில்லை. ஐந்து மணிக்குக் கிட்டாரைச் சுவரில் சாத்திவிட்டுத் தொப்பியை வைத்துக்கொண்டு வெளியேறினார். லவோன் ஓடிப்போய்க் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைத் தாண்டி, மேற்கே ஒரு மைல் தள்ளியிருக்கும் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க நடந்து போனார். திறந்த கதவு வெகுநேரம் திறந்தே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது இவர்தான்.

"ஏங்க, அவரு செத்தவருதானே?"

"நான் மூணு தடவ பாத்தேன் வல்லி. நாடி கெடையாது, மூச்சு கெடையாது."

"அப்ப மேடையில நின்னது யாரு?"

"அது என் டிபார்ட்மென்ட் இல்ல" என்றார் இவர், சாம்பாரைக் கிண்டிக்கொண்டே.

அடுத்த ஞாயிறும் வந்தார் வெர்லின், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். ஒரு விஷயத்தை ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று காட்ட மெர்டனில் அதற்கு ஒரு கமிட்டி போடுவார்கள். மூன்றாம் வாரம் கமிட்டி போட்டாகிவிட்டது. தலைவர் டுவேன். வெர்லினிடம் அவர் செத்துப்போன விஷயத்தை யாரும் எடுக்கக் கூடாது, அது மரியாதையில்லை என்று முதல் தீர்மானம். செய்தித்தாளுக்குப் பதில் நல்ல கால்மிதி வாங்குவது என்று இரண்டாவது. கல்லறை மேல் புல் விதைக்கலாமா, வாராவாரம் கிளறப்படுகிற மண்ணில் அது பிடிக்குமா என்று மூன்றாவதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள், ஏனென்றால் அங்கே எல்லாரும் விவசாயிகள். லூத்தரன் சர்ச் பாஸ்டர் கிரெட்டா மூன்று வாரம் தொடர்ந்து, பைபிளில் செத்து நான்காம் நாள் எழுந்து வந்த லாசரஸைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினாள். நான்காம் வாரம் யாரோ ஒருவர் லாசரஸ் என்ன வாத்தியம் வாசித்தார் என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்கவே, அறுவடை நன்றியறிதலுக்குத் திரும்பிவிட்டாள். கவுண்டி என்கிற மாவட்டத்து அலுவலகக் குமாஸ்தா, சான்றிதழை ரத்து செய்ய வேண்டுமா என்று கேட்டு இவருக்குக் கடிதம் போட்டார். இவர் "நோயாளியின் நிலையில் மாற்றமில்லை" என்று ஒரே வரியில் பதில் எழுதினார்.

பெரிய சிக்கல் தட்டுகளில் வந்தது. துக்க வீட்டுக்கு அந்த ஊர்ப் பெண்கள் கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்டு, கண்ணாடித் தட்டுகளில் கொண்டுபோய் வைப்பார்கள். இப்போது லவோன் கைம்பெண்ணா இல்லையா? கைம்பெண் என்றால் தட்டு தொடர வேண்டும். இல்லையென்றால் கொடுத்த தட்டுகளைக் கழுவித் திரும்ப வாங்க வேண்டும். பெண்கள் சங்கம் கூடி யோசித்து, திங்கள் முதல் சனி வரை லவோன் கைம்பெண், ஞாயிறு மட்டும் சுமங்கலி என்று முடிவெடுத்தது. இத்தனை நியாயமான தீர்ப்பை நான் எந்தப் பஞ்சாயத்திலும் கேட்டதில்லை. லவோனை மட்டும் யாரும் கேட்கவில்லை.

செய்தி சோளக்காடு தாண்டிப் பரவியது. உள்ளூர் வானொலிக்காரர் ஒலிநாடாவோடு வந்து, செத்தபின் பாஸ் வாசிப்பது எப்படி இருக்கிறது என்று வெர்லினைக் கேட்க, வெர்லின் அவரையும் பார்க்கவில்லை. அந்த மௌனத்தை அவர் நான்கு நிமிடம் ஒலிபரப்பினார். பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவிலிருந்து முதியோர் பேருந்துகள் வந்தன. கூடத்தில் இடம் போதாமல் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்கள். பக்கத்து ஊர்க் குழுவில் அக்கார்டியன் வாசித்தவர் நவம்பரில் தவறிப்போக, அந்தக் குழுக்காரர்கள் பனியில் மூன்று ஞாயிறு கல்லறைப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள். வரவில்லை. "அந்தக் குழுவுக்குன்னா நான்கூட வரமாட்டேன்" என்றார் டுவேன், இரக்கத்தோடு. ஐந்து கவுண்டி கன்ட்ரி இசைச் சங்கம், ஏப்ரல் மாதம் நேரில் வந்து கௌரவிக்கப் போவதாகக் கடிதம் அனுப்பியது. காலம் சென்ற கலைஞர் விருதா, சிறந்த மேடைக் கலைஞர் விருதா என்பதில் மட்டும் அவர்களுக்குள் இன்னும் அடிபிடி இருந்தது. முன்பெல்லாம் எட்டுப் பை போதும். இப்போது லவோன் நாற்பது சுட்டாள்.

டிசம்பரில் அவளோடு ஆப்பிள் நறுக்கப் போக ஆரம்பித்தேன். சும்மா இருப்பதற்கு ஒரு துணை வேண்டுமென்று போனவள்தான். எங்கள் ஊராயிருந்தால் அக்கா என்று கூப்பிட்டிருப்பேன். ஐம்பத்தெட்டு வயது, பெரிய கைகள், எதையும் குறைத்தே சொல்கிற நாக்கு. தலைக்கு மேலே விமானம் விழுந்தாலும் "கொஞ்சம் சத்தமாத்தான் இருக்கு" என்கிற சனம் அது. அவளும் அப்படித்தான், அந்த மாதம் வரை.

"நான் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன் ஷென்" என்றாள் ஒருநாள், தோல் சீவிக்கொண்டே. ஷென் என்பது என் பெயரில் அவர்கள் வாய்க்கு அகப்பட்ட பகுதி. "ரெண்டு பக்கம். மேடையில அவரோட பாட்டுத்தாள் ஸ்டாண்டுல வச்சேன்."

"படிச்சாரா?"

"திருப்பினாரு. பின்னாடி வெள்ளையா இருந்திச்சா, அன்னிக்குப் பாட வேண்டிய பாட்டு லிஸ்ட்ட எழுதி டுவேன்கிட்ட குடுத்தாரு. அஞ்சு மணிக்கு டுவேன் அத மடிச்சி எங்கிட்ட கொண்டாந்து குடுக்கான். உங்க கையெழுத்து அழகா இருக்கு லவோன்னு சொல்லிட்டுப் போறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியவில்லை. அவளும் சிரித்தாள், பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாருமே திரும்பி வராத இடத்துலருந்து ஒரு மனுசன் வாராரு. அதுக்கு எம்புட்டுச் செரமப்பட்டிருப்பாரோ தெரியாது. வந்து, எட்டடி தள்ளி நிக்கிற என்னை விட்டுட்டு டுவேனோட காலப் பாத்துக்கிட்டு இருக்காரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஏ லவோன்னு ஒரு வார்த்தை. இருந்தப்பவும் அதிகமாக் கூப்பிட்டதில்ல, அது வேற விசயம்." கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு சொன்னாள்: "கடைசியில எம்பேரச் சொன்னதா டாக்டர் சொன்னாரு. அத வச்சித்தான் ஓட்டுறேன்."

நான் ஆப்பிளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வெர்லின் என்ன சொன்னார் என்று இவர் அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தார். பொய் சொல்ல எனக்குத் தெரியும். கல்யாணமாகி ஏழு வருஷம் மாமியாரோடு போனில் பேசியவள் நான். ஆனால் அந்தப் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"என்ன சொன்னாரு, ஷென்?" என்றாள் லவோன் மெதுவாக. என் முகத்திலிருந்தே பாதியைப் படித்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு எல்லாப் பாட்டையும் கொஞ்சம் மெதுவா எடுக்கச் சொல்லுங்க, டுவேன்கிட்டன்னு சொன்னாரு."

அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். உள்ளே ஆறு பை பாதி வெந்திருந்தன. கைகளைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள். அழுவாள் என்று நினைத்தேன். "டாக்டர் நல்ல மனுசன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே டுவேனைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன். காப்பீட்டு அலுவலகத்தில் ஆலங்கட்டி மழைப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக் குழுவுல வாசிக்கணும் டுவேன். பாஸ்."

"அடடா. பாஸுக்குத்தான் ஆளு இருக்கே நமக்கு."

"அவரு செத்துட்டாரு."

டுவேன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "லவோன், தயவுசெஞ்சு தனிப்பட்ட விசயத்தையெல்லாம் இதுல இழுக்காதீங்க. உங்க பையை யாராவது குறை சொன்னாங்களா? இல்லையே."

பள்ளிக்கூடத்து இசை அறையில் பல வருஷமாகக் கிடந்த ஒரு பாஸ் கிட்டாரை இரவல் வாங்கி வந்தாள். கற்றுக்கொடுக்க ஆள் தேடவில்லை. முப்பத்தோரு வருஷம் பரிமாறும் ஜன்னல் வழியாகக் கேட்டவளுக்கு எந்தப் பாட்டில் எந்த இடத்தில் எது வரும் என்பது மனப்பாடம், விரலுக்குத்தான் தெரியாது. சின்ன வயதில் அம்மா அடித்துப் பாட்டு வகுப்புக்கு அனுப்பிய புண்ணியத்தில் எனக்குத் தாளம் போட வரும். கன்ட்ரி பாஸ் என்பதும் பெரிய மாயமில்லை என்று இரண்டாம் நாளே தெரிந்துபோனது. ச, ப. ச, ப. அவ்வளவுதான். சுருதி இடம் மாறும், மறுபடி ச, ப. "இதுக்கா இம்புட்டு அலட்டல்?" என்று நான் கேட்டதற்கு, "இத நான் முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றாள் லவோன்.

ஜனவரி முழுக்க விரல் நுனி வெடித்து ரத்தம் கட்டியது. பிப்ரவரியில் காய்த்துப்போனது. வெளியே பனி இடுப்பளவுக்குக் கிடக்க, உள்ளே நான் தொடையில் தட்டி எண்ண எண்ண அவள் பெண்டாட்டிகள் விட்டுப்போன பாட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துத் தள்ளினாள். எவ்வளவு சொன்னாலும் ஒன்று மட்டும் அவளுக்கு நிற்கவில்லை: எடுத்த நடையைவிட ஒரு மயிரிழை முன்னால் ஓடினாள். இழுத்துப் பிடித்தால் வாசிப்பு செத்துவிடும், விட்டால் எழுந்து நடக்கும். மார்ச்சில் நான் பிடிப்பதை விட்டுவிட்டேன். ஞாயிறுகளில் அவள் பழையபடி நாற்பது பை சுட்டுக்கொண்டு போனாள், ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள், வெர்லின் பக்கம் பார்க்கவில்லை. ஊர் அதைப் பக்குவம் என்று பாராட்டியது.

ஏப்ரல் மாதம் இசைச் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். கேடயம் வந்தது, அடிபிடி தீராததால் விருதின் பெயர் எழுத வேண்டிய இடத்தை வழவழப்பாக விட்டிருந்தார்கள். நான்கு பேருந்துகள் வந்தன. சமையலறை ஜன்னலுக்கு முன்னால் கூட்டம் வழக்கம்போல் வரிசைகட்டியது. ஜன்னல் மூடியிருந்தது.

செத்தவர் கச்சேரிக்கு வந்தபோது நாற்காலியை விட்டு நகராத ஊர், அன்றைக்கு எழுந்து நின்றது. பை இல்லையாம் என்ற செய்தி நாற்காலி நாற்காலியாகப் போனது. பாஸ்டர் கிரெட்டா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். யாருக்காவது உடம்பு சரியில்லையா, லவோன் உயிரோடு இருக்கிறாளா என்று ஒருவர் கேட்டார். அப்போதுதான் மேடையைப் பார்த்தார்கள். ஒன்றரை மணிக்கே வந்துவிட்ட லவோன், வெர்லினின் பாஸைத் தோளில் மாட்டி, வெர்லினின் இடத்தில், மாவு படாத நீலச் சட்டையோடு நின்றிருந்தாள்.

டுவேன் ஓடி வந்தார். "என்ன லவோன் இது? இன்னிக்கா? அவரு வந்தா எங்க நிப்பாரு?"

"எங்க வேணும்னாலும் நிக்கட்டும். எடம் நெறைய இருக்கு."

"ஒரு கமிட்டின்னு இருக்கு—"

ஆர்டெல் ஸ்டும் ஸ்டீல் கிட்டாரிலிருந்து நிமிர்ந்தார். நான்கு வருஷத்தில் நான் கேட்ட அவருடைய முதல் வாக்கியம் அது. "கிட்டாருக்கு ஒயர மாட்டியாச்சு டுவேன்" என்றார். "வாசிக்கட்டும்." மாட்டுக்காரரின் குரலுக்கு எதிரே தொப்பிக்காரர் என்ன செய்வார்?

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வெர்லின் வந்தார். கால்மிதியில் கவனமாக மண்ணைத் துடைத்தார், மேடைப் படி வரைக்கும் போனார். சுவரில் சாத்திய கிட்டாரைக் கண்கள் தேடின, அது இல்லை. பிறகு மெதுவாக, அந்த ஆறு மாதத்தில் முதல் தடவையாக, நிமிர்ந்து தன் மனைவியைப் பார்த்தார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனால் நின்றுகொண்டிருக்கிற மனிதரைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருக்க அந்த ஊர்க்காரர்களால் முடியாது. முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். வெர்லின் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கூடத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது, உயிரோடும் செத்தும் சேர்த்து, அதுதான் முதல் தடவை.

டுவேன் எண்ணினார். முதல் பாட்டை லவோன் தலை நிமிராமல் வாசித்தாள். ஒரு சுருதி மாற்றத்தைத் தவறவிட்டாள், என் தொடையில் நான் அடித்துக்கொண்ட அடி எனக்கே வலித்தது. இரண்டாவதில் நிமிர்ந்தாள். மூன்றாவது, பையன்கள் வருஷக்கணக்காக ஒப்பாரி மாதிரி இழுத்து வந்த பாட்டு. அவள் அதை எடுத்த எடுப்பில் ஒரு மயிரிழை முன்னால் தள்ளினாள். டிரம்காரர் காது மந்தமானாலும் தரை வழியாக அதைப் பிடித்துக்கொண்டார். ஆர்டெலின் கம்பி ஒரு தடவை கூவிற்று. டுவேன் மூச்சு வாங்கப் பின்னாலேயே ஓடினார். நெப்ராஸ்காப் பேருந்தில் வந்த ஒரு தடித்த அம்மாள் எழுந்து தன் புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள். இன்னொரு ஜோடி எழுந்தது. மடக்கு நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்குகிற சத்தம் பாட்டோடு சேர்ந்துகொண்டது. வெர்லின் அசையவில்லை. மேலே, அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கியது. வெர்லின் எழுந்து மேடைப் படியேறி லவோனுக்கு முன்னால் போய் நின்றார். ஊரே கழுத்தை நீட்டியது. வானொலிக்காரர் ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் வாய்க்குள் விரலை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன்: கூப்பிடுங்கய்யா, ஒரே ஒரு தடவை அவ பேரச் சொல்லிக் கூப்பிடுங்க.

வெர்லின் தொண்டையைச் செருமினார். கொஞ்சம் மண் உதிர்ந்தது.

"மூணாவது பாட்டு" என்றார். "வேகம் கொஞ்சம் கூடிப்போச்சு."

லவோன் அவரைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை, பிறகு எல்லாமே இருந்தது. இங்கிலீஷில் நீ என்பதற்கும் நீங்க என்பதற்கும் ஒரே வார்த்தைதான். அதனால் ஒருவர் வாயில் எதைப் போடுவது என்று தமிழில் சொல்கிறவள் தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"நீ போய்ப் படு, வெர்லின்" என்றாள்.

கோபமில்லை அந்தக் குரலில். வேலை முடிந்து அலுத்து வந்தவனிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். வெர்லின் தலையை ஆட்டினார். தொப்பியை வைத்துக்கொண்டார். கேடயத்தோடு நின்ற சங்கத்துக்காரர்களைத் தாண்டி வெளியே போனார். ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் அவர் மேற்கே போவதைப் பார்த்தார்கள். லவோன் பார்க்கவில்லை. அவள் டுவேனிடம் அடுத்தது என்ன என்று கேட்டாள்.

அதன் பிறகு அவர் வரவில்லை. சங்கம் கேடயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனது. அடுத்த வருஷம் அதை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். பேருந்துகள் நின்றன. ஊரின் பெயர் வானொலியில் வருவதும் நின்றது. மெர்டன் லவோன் மேல் கோபப்பட்டது. அவர்கள் கோபம் எப்படியென்றால், ஒரு மாதம் அவளிடம் வெயிலைப் பற்றி மட்டும் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பிழைப்பைக் கெடுத்துவிட்டாள் என்று மளிகைக் கடையில் ஒருவர் இன்னொருவரிடம் மிக மெல்லிய குரலில் சொன்னதை நானே கேட்டேன். கல்லறையில் புல் பிடித்தது. ஞாயிறு மதியங்களில் ஆட ஆரம்பித்த ஜோடிகளை மட்டும் கமிட்டியால் மறுபடி உட்கார வைக்க முடியவில்லை. பரிமாறும் ஜன்னலில் கடையில் வாங்கிய பிஸ்கட் வைத்தார்கள். சாப்பிட்டார்கள். யாரும் சாகவில்லை.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அந்த ஏப்ரல் ஞாயிறு ஐந்து மணிக்கு, லவோன் பாஸைப் பெட்டிக்குள் வைத்து மூடி, காருக்கு வந்து, சாவியைப் போட்டுவிட்டு, திருகாமல் உட்கார்ந்தாள். நான் பக்கத்து இருக்கையில். வெளியே உழுது போட்ட கருப்பு நிலம் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் கிடந்தது. அதன் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்தேன். அழுதுகொண்டுதான் இருந்தாள், கூடவே சிரித்துக்கொண்டும் இருந்தாள். இரண்டில் எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"கேட்டியா ஷென், என்ன சொன்னாருன்னு?"

"கேட்டேன். நாசமாப் போறவரு" என்றேன், என்னை அடக்க முடியாமல்.

"அது இல்ல." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "மூணாவது பாட்டுன்னு சொன்னாரே. கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. முப்பத்தோரு வருஷத்துல நான் செஞ்ச ஒண்ண அவரு கவனிச்சது இதுதான் மொதத் தடவ." மறுபடி அந்தக் குலுக்கல். அது அடங்கியதும், பிழிந்துபோட்ட துணி மாதிரி இருந்த முகத்தை என் பக்கம் திருப்பினாள். "நீதான் தாளம் போட்டவ. மறைக்காமச் சொல்லு. நெசமாவே வேகமாத்தான் போனேனா?"

அவளிடம் ஒரு தடவை பொய் சொல்ல வராமல் போனவள் நான்; இன்னொரு தடவையும் வரவில்லை.

"வேகந்தான்" என்றேன். "நல்லாவே வேகம்."

"அப்படியா" என்றாள் லவோன், காரைக் கிளப்பினாள்.